மாட்டு மருந்தை நாய் மேல் ஊற்றாதீர்கள்

பங்குனி, சித்திரை வெயில் ஏறியதும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நாய்களுக்கு உண்ணி பெருகிவிடும். கூடவே, உண்ணிக்கு ஊற்றிய மருந்தால் வலிப்பு வந்த நாய்களும் என்னிடம் வரத் தொடங்கும். கால்நடை மருத்துவராக வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வாரமும் ஒரு நாய் மேசை மேலேயே போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்துச் சாளையில் மாட்டு உண்ணிக்கு வாங்கிய பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். "மாட்டுக்கே ஒண்ணும் ஆகலீங்க, நாய்க்கு என்னங்க ஆயிரப்போகுது?" என்று கேட்கிறார்கள். சரி, நிதானமாகவே சொல்கிறேன். 300 கிலோ மாடும் 18 கிலோ நாயும் ஒன்றல்ல. மாட்டுக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கிறீர்கள். நாய் என்று வரும்போது மட்டும் பாட்டில் மூடியில் ஊற்றி, "நல்லாப் புடிக்கட்டும்" என்று இன்னொரு மூடியும் சேர்க்கிறீர்கள். உண்ணி அதிகம் இருக்கிற காது மடல், விரலிடுக்கு, கழுத்து என்று பார்த்துத் தேய்க்கிறீர்கள். அங்கேதான் நாய் ஏற்கெனவே சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கும். புண் வழியாக மருந்து சுலபமாக ரத்தத்தில் சேரும். போதாததற்கு, உடம்பு ஈரமானால் நாய் நக்காமல் விடாது. ஆக, தோல் வழியாகவும் போகிறது, வாய் வழியாகவும் போகிறது. டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்ற உண்ணி மருந்துகளை நாங்களும் சில நாய்களுக்கு எழுதுவதுண்டு. எடை, வயது, தோலின் நிலை எல்லாம் பார்த்து, லிட்டருக்கு இத்தனை மில்லி என்று அளந்துதான் எழுதுகிறோம். கண்ணளவில் ஊற்றுவதற்கு எழுதுவதில்லை.

இதைவிடக் கொடுமை, மஞ்சளுக்கும் வாழைக்கும் அடித்து மீந்த பூச்சிமருந்தை ஊற்றுவது. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் எந்த அளவிலும் நாய் மேல் படவே கூடாது. மண்ணெண்ணெய், கழிவு ஆயில் கதையும் அதுதான்.

இந்த வாரம் வந்த நாயைத் தூக்கி வைக்கும்போதே வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தொடைச் சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்னங்க குடுத்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார் வீட்டுக்காரர். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூட வந்த அம்மிணி, "உண்ணிக்கு மருந்து மட்டும் ஊத்துனோமுங்க" என்றார். மேலே ஊற்றியதை அவர்கள் 'கொடுத்த' கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இப்படி ஆகிவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் உடம்பை நன்றாகக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத்தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். வலிப்பில் இருக்கிற நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே கிளம்புங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும், ஆனால் அமிட்ராஸ் ஊற்றிய நாய்க்கு அதைப் போட்டால் நிலைமை மோசமாகலாம். லேபிளைப் பார்க்காமல் நாங்கள் இருட்டில்தான் வைத்தியம் பார்க்கிறோம். மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

ஆட்டுப்பட்டியிலிருந்துதான் உண்ணி ஏறுகிறது என்று ஆட்டைக் குறை சொல்பவர்களும் உண்டு. நம் வீட்டு நாய்களில் பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. அது மாட்டு உண்ணி மாதிரி ஒரே உடம்பில் வளர்வதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துக் கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலையிலோ ஒளிந்துகொள்ளும், அப்புறம் மறுபடி ஏறும். கொட்டைமுத்து போல ஊதிய பெண் உண்ணி சுவரில் மேலே ஏறிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை எத்தனை தரம் குளிப்பாட்டினாலும் உண்ணி தீராததற்கு இதுதான் காரணம். கூண்டு, படுக்கிற சாக்கு, வாசல் விரிசல் எல்லாவற்றையும் பாருங்கள். சாக்கை எரித்துவிடுங்கள். விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். இடத்துக்கு மருந்தடித்தால் நன்றாகக் காயும் வரை நாயை உள்ளே விடாதீர்கள்.

ஒன்றிரண்டு உண்ணி என்றால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி வைக்காதீர்கள், விரலால் நசுக்காதீர்கள், ஸ்பிரிட்டில் போட்டுவிடுங்கள். நிறைய இருந்தால் ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் மாத்திரைகள் இருக்கின்றன. முதலாவது சுமார் 12 வாரம், இரண்டாவது ஒரு மாதம் காக்கும். வலிப்பு வரலாறு உள்ள நாய் என்றால் முன்பே சொல்லுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யார் சொன்னாலும் போடாதீர்கள். கோலி போன்ற இனங்களில் பல நாய்களுக்கு அது மூளைக்குள் போவதைத் தடுக்கும் காப்பு பிறவியிலேயே இல்லை. நாய்க்குச் சொட்டுவிடும் பெர்மெத்ரின் மருந்து வீட்டுப் பூனை மேல் பட்டால் பூனைக்கு ஆபத்து.

நாய் சாப்பாட்டை ஒதுக்கினால், மூக்கில் ரத்தம் கசிந்தால், "வெயில் சூடுங்க" என்று மோர் ஊற்றிக்கொண்டு இருக்காதீர்கள். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா, அடிவயிற்றில் செம்புள்ளி இருக்கிறதா, மூத்திரம் காப்பி நிறத்தில் போகிறதா? இவை உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா தொற்றுகளாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். காய்ச்சல்தானே என்று வீட்டு பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் கொடுத்துவிட்டு வராதீர்கள். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வோம். நான்காம் நாள் நாய் வாலாட்டிச் சோறு தின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் அதே நாய் இன்னும் மோசமாக வருகிறது. முழுசாகக் கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடுங்கள். பாலில் கலந்து வேண்டாம்.