ஜீவனாம்ச பாக்கிக்கு வாரண்ட் வந்தால்: கையில் காசில்லாதவருக்குச் சட்டம் தரும் வழி

கடலூர் முதுநகரில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கட்டும்படி கோர்ட் உத்தரவு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு கரையில் கிடக்கிறது, பாக்கி ஏறுகிறது. வாரண்ட் வந்ததும் கேப்பர் மலை ஜெயிலுக்குத்தான் போக வேண்டுமா?

அப்படிச் சட்டம் சொல்லவில்லை. ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகியிருக்கிறது. 'போதிய காரணம் இல்லாமல்' கட்டாதவர்மீதுதான் நடவடிக்கை என்கிறது அது. முதலில் சொத்திலிருந்து வசூலிக்க வாரண்ட். அப்படியும் தீராத பாக்கிக்குத்தான் சிறை. பாக்கி விழுந்து ஓராண்டுக்குள் மனு போட்டிருந்தால்தான் அந்தத் தொகைக்கு வாரண்ட் கேட்க முடியும்.

ஒரு மாதத்துக்கு மேல் அடைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமில்லை என்று 1999-ல் ஷஹதா கதூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் தனியாகத் தண்டிக்கலாம் என்று பொருள்கொள்ளும் உயர் நீதிமன்றங்களும் உண்டு. அதனால் பாக்கியைச் சேரவிடாதீர்கள். பணத்தைக் கட்டிவிட்டால் அன்றே வெளியே வரலாம். ஆனால் ஜெயிலில் இருந்துவிட்டால் கடன் கழிந்தது என்று நினைக்க வேண்டாம். 1989-லேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சாப்பாடும் பள்ளிச் செலவும் பிள்ளைக்கு அப்போதும் வேண்டுமே!

சரி, உண்மையிலேயே முடியாதவர் என்ன செய்வது? வாய்தாவுக்குப் போகாமல் ஒளிவதுதான் பெரிய தவறு. நேரில் போய்ச் சொல்லுங்கள். தடைக்காலம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலை போனதற்கான கடிதம் என எது இருந்தாலும் கையில் எடுத்துப் போங்கள். முடிந்ததைக் கட்டிவிட்டு, மீதிக்குத் தவணை கேளுங்கள். வருமானம் நிலையாகக் குறைந்துவிட்டால் அதே புதிய சட்டத்தின் 146-வது பிரிவில் தொகையைக் குறைக்க மனு போடலாம். நீங்கள் இல்லாமல் எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பானதென்றால், மூன்று மாதத்துக்குள் காரணம் காட்டி அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உடல் வலு உள்ளவர் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் 'வேலையில்லை' என்ற ஒற்றை வார்த்தை போதாது. வேலை தேடியதையும் காட்ட வேண்டும். 2020-ல் வந்த ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அதில் உண்மையை எழுதுவதுதான் ஏழைக்குப் பாதுகாப்பு.

வக்கீலுக்குக் காசில்லையா? கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. புதுச்சேரிக்காரருக்கு அங்கே தனி ஆணைக்குழு. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தார், பழங்குடியினர், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. அதாவது புதுச்சேரியின் காலாப்பட்டு ஜெயிலுக்குள் இருப்பவரும் கேட்கலாம், பிள்ளைக்காகப் போராடும் தாயும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உத்தரவின் நகலையும் வழக்கு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.