வீட்டுக்குப் பின்னால் பேக்டரி வரலாமா? பினாங்கில் சட்டம் என்ன சொல்கிறது

பினாங்கின் தொழில் ஊரான பிறை பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காலையில் கொடியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையைச் சாயந்திரம் எடுத்தால் காலரில் கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்கும். தட்டினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுத்துக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் அதற்கு 'பேக்டரி மை' என்றே பேர். "இவ்வளவு கிட்டத்தில் எப்படி விட்டார்கள்?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு வரைபடத்தில் இருக்கிறது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

தீபகற்ப மலேசியாவில் எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் தீர்மானிக்கிறது. சுருக்கமாகச் சட்டம் 172 என்பார்கள். இதன்படி மாநிலம் முழுவதற்கும் ஒரு கட்டமைப்புத் திட்டம் உண்டு. அதற்குக் கீழே வட்டார அளவில் உள்ளூர்த் திட்டம் வரும். மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான். நமக்கு முக்கியமானது இந்த இரண்டாவதுதான். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது எண் போட்ட நிலத்துண்டுக்கும், அதில் ஒரு நிறம் இருக்கும். ஊதா என்றால் தொழில்துறை, பச்சை என்றால் திறந்தவெளி. உங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் இருக்கும் காட்டு நிலம் ஊதாவில் இருந்தால், இன்று அங்கே மாடு மேய்ந்தாலும் நாளை கொட்டகை எழும்பலாம்.

சரி, ஊதாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும்? அதைச் சொல்வது சுற்றுச்சூழல் துறையின் அமைவிட வழிகாட்டிகள். சோன் பெனம்பான் என்று கவுன்சிலர்கள் அடிக்கடி சொல்வார்களே, அந்த இடைத்தடுப்பு மண்டலம் இதுதான். தொழிலின் கனத்துக்குத் தகுந்தபடி தூரம் மாறும். புகையோ கழிவோ அதிகம் இல்லாத இலேசான தொழிலுக்குச் சில பத்து மீட்டர் போதும். கனரகத் தொழிலுக்கு 500 மீட்டர். வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் எல்லாம் பாதுகாக்க வேண்டிய இடங்கள். இடைவெளி என்றதும் வெறும் மரங்கள் நிற்கும் காடு என்று நினைத்துவிடாதீர்கள். சாலை, பெரிய கால்வாய், கடை வரிசை கூட அதற்குள் வரலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழிகாட்டி என்பது வழிகாட்டிதான். உள்ளூர்த் திட்டத்தில் ஏறும்போதோ, திட்ட அனுமதியின் நிபந்தனையாக எழுதப்படும்போதோதான் அதற்குப் பல் முளைக்கிறது. அதனால் எங்கேயாவது ஆட்சேபம் எழுதினால், "500 மீட்டர் விதி மீறப்பட்டது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது, அனுமதியில் என்ன நிபந்தனை போட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இனி, பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருவோம். "பக்கத்தில் ஏதாவது கட்டினால் மாநகர் கழகம் நமக்குக் கடிதம் அனுப்பும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்." சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லாதவர்கள் குறைவு. சட்டத்தின் 21ஆவது பிரிவைப் படித்தால் கதை வேறு. பக்கத்து நில உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவித்து, ஆட்சேபிக்க 21 நாள் கொடுக்க வேண்டும் என்பது, அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாதபோதுதான் கட்டாயம். திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால், அதாவது வார்த்தா ஆகிவிட்டால், அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. திட்டம் தயாரானபோதே மக்களிடம் கருத்துக் கேட்டாகிவிட்டது என்பதுதான் இதன் தர்க்கம். அப்போது நாம் எங்கே இருந்தோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கடிதம் வந்தாலும் எல்லோருக்கும் வராது. 'பக்கத்து நிலம்' என்பதற்குச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. ஒட்டியிருக்கும் நிலம், அல்லது நடுவில் 20 மீட்டருக்கு மேல் போகாத சாலையோ கால்வாயோ இருக்கும் நிலம், ஒரே முட்டுச் சந்து வழியைச் சேர்ந்து பயன்படுத்துபவர்கள் என்றால் 200 மீட்டர் வரை. புகை 20 மீட்டரோடு நிற்காது என்பது வேறு விஷயம். வாடகைக்கு இருப்பவர்களும் இந்தக் கணக்கில் இல்லை, ஏனென்றால் கடிதம் உரிமையாளருக்குத்தான் போகும். வந்த கடிதத்தைச் சும்மா மேசை மேல் போட்டு வைத்தால் இன்னொரு நட்டமும் உண்டு. மேல்முறையீட்டு வாரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகும் உரிமை, அந்தப் பிரிவின் கீழ் ஆட்சேபம் கொடுத்தவருக்குத்தான்.

ஆகவே வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும் நாள்தான் நம்முடைய நாள். மாநகர் கழகத்தில் வரைபடங்களை ஒட்டி, ஆட்சேபப் பாரம் வைப்பார்கள். ஒரு முறை நான் போனபோது மண்டபத்தில் அதிகாரிகள் நான்கு பேர், பார்வையாளர் நான் ஒருவன்தான். நம் கோயிலைத் தேடினேன். அந்த இடத்தில் வெறும் ஊதா.

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பினாங்கு பெருநிலத்தில் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகிவிட்டன. ஒரு காலத்தில் தோட்டம் என்று சொன்ன பத்து காவானில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. தோட்டம் போனாலும் அங்கே கட்டிய மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் லயன் வீடுகளும் உடனே போய்விடுவதில்லை. கிராண்டு, அதாவது நிலப் பட்டா, இல்லாத கோயிலை வரைபடம் பெரும்பாலும் காட்டாது. காட்டாத இடத்துக்கு இடைவெளியும் விடமாட்டார்கள். கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் வரைவுத் திட்டம் வரும்போதே, இடத்தின் படத்தோடு, எத்தனை பேர் கூடும் இடம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் நிலம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. "தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பு அதிகாரிகளுக்கு இருக்காது, அவ்வளவுதான்.

2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. கொட்டியது குற்றம், மண்டலத்தை மட்டும் பழி சொல்ல முடியாது. ஆனால் ஒரு தொழில் நகரத்தில் வகுப்பறைகள் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்பதை நாடு அன்று கண்ணால் பார்த்தது.

தொழிற்சாலை ஏற்கெனவே வந்துவிட்டதா? அது எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். உள்ளூர்த் திட்டம் வருவதற்கு முன்பே சட்டப்படி இயங்கியிருந்தால், அதே பயன்பாட்டைத் தொடர அதற்கு உரிமை உண்டு. 1960களிலேயே தொடங்கிய மாக் மண்டின் போன்ற பழைய பேட்டைகளின் பக்கத்தில் இதைத்தான் அடிக்கடி கேட்பீர்கள். அனுமதியே இல்லாமல் வந்தது என்றால் சட்டம் கடுமை: 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நில கிராண்டையும் பாருங்கள். விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று மூன்று வகை உண்டு. விவசாய நிலத்தில் பிளாஸ்டிக் உருக்கினால் அது நில அலுவலகத்தின் விவகாரமும் ஆகிறது. லைசன்ஸ், அனுமதி என்றால் மாநகர் கழகம். புகை, நாற்றம், கால்வாயில் நிறம் மாறிய தண்ணீர் என்றால் சுற்றுச்சூழல் துறை. அவர்களின் இலவச எண் 1-800-88-2727.

புதிதாக வீடு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில இடங்களில் தொழிற்சாலை வீட்டைத் தேடி வருவதில்லை. வீடுதான் தொழிற்சாலையைத் தேடிப் போகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன், நகர, கிராமத் திட்டமிடல் துறையின் ஐ-பிளான் இணைய வரைபடத்தில் அக்கம்பக்கத்து நிறத்தைப் பாருங்கள். விற்பனைக் கூடத்தில் இருக்கும் மாதிரியில் பின்பக்கம் எப்போதும் பச்சைப் புல்தான்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. அங்கே 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 267. கேட்க வேண்டிய இடம் மாநகராண்மைக் கழகம். மேலே சொன்ன பிரிவு எண்களை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

புகார் எழுதும்போது லாட் எண், தேதி, நேரம், எந்தப் பக்கக் காற்று என்று போடுங்கள். "எப்போதும் நாற்றம்" என்று எழுதினால் அதிகாரி எந்த நேரத்தில் வந்து பார்ப்பார்? இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.