பழைய கிராஃபிக்ஸா, தப்பான செட்டிங்கா? ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யை இன்று பார்க்கும் முன்

“அந்தக் காலத்துப் படம்தானே, ஓரமெல்லாம் பிசிறடிக்குது” என்று 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யைப் பற்றி யாராவது சொன்னால், திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த டிவியில், எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்? பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களின் தலையில் கட்டப்படும் குறைகளில் கணிசமானவை படம்பிடித்தபோது வந்தவையே அல்ல. சில டிவியின் செட்டிங்கால் வருபவை. சில டிஜிட்டலுக்கு மாற்றும்போது நுழைந்தவை. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் படத்தின் சொந்தக் குறை எது என்று தெரியும்.

முதல் சந்தேகம் மோஷன் ஸ்மூத்திங் மேல் விழ வேண்டும். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத டிவியில் இது பெரும்பாலும் ஆனில்தான் இருக்கும். சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர் மட்டும் மாறும். சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம். இந்த வசதி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் எடுக்கப்படாத ஃப்ரேமை ஊகித்துச் செருகுகிறது. ஒரு விண்கலம் நட்சத்திரங்களை மறைத்தபடி மெல்ல நகரும்போது, விளிம்பை ஒட்டி மறைகிற புள்ளியும் வெளிவருகிற புள்ளியும் எங்கே போயின, எங்கிருந்து வந்தன என்று அந்த ஊகத்துக்குப் பிடிபடாது. கலத்தோடு சேர்த்து நட்சத்திரத்தையும் கொஞ்சம் இழுத்துவிடும். பார்ப்பவருக்கு ‘மேட் (ஒரு காட்சியில் வேண்டாத பகுதியை மறைக்கும் கறுப்பு வடிவம்) சரியாக வெட்டவில்லை’ என்று தோன்றும். சந்தேகம் வந்தால் அதே காட்சியை ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிசிறு போய்விட்டால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது.

பிக்சர் மோடில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதை வையுங்கள், இல்லாவிட்டால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. அப்புறமும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நல்லது: ஷார்ப்னஸ் பூஜ்யம் (சோனியில் 50-தான் நடுநிலை), நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப், டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆஃப், கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’. ஸ்ட்ரீமிங் பெட்டியில் ‘மேட்ச் ஃப்ரேம் ரேட்’ இருந்தால் ஆன் செய்யுங்கள். 24 ஃப்ரேமை 60-க்குள் திணிக்கும்போது ஒரு ஃப்ரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் வரும். மெதுவாக நகரும் காட்சிகளில் அது தத்தித் தத்திப் போவதாகத் தெரியும். இந்தப் படத்தில் மெதுவாக நகராத காட்சியே குறைவு.

அடுத்தது கறுப்பு. திரையரங்கில் ஃபிலிம் போடாமல் வெறும் வெளிச்சம் மட்டும் திரையில் விழும்போது இருக்க வேண்டிய அளவே சுமார் 55 நிட்தான் (நிட் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). அந்த வெளிச்சத்துக்கும் பிரிண்டின் கான்ட்ராஸ்டுக்கும் ஏற்றபடிதான் ‘இதற்குக் கீழே எதுவும் தெரியாது’ என்று கணக்குப் போட்டு வேலை செய்தார்கள். பல நூறு நிட் கொட்டுகிற ‘விவிட்’ மோடில் அந்தக் கணக்கு உடைந்து, மறைந்திருந்ததெல்லாம் மேலே வரும். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தின் பழைய வீடியோ கேசட்டுகளில் எதிரிக் கலங்களைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி கூடவே பறந்தது இப்படித்தான். தேவையற்ற பகுதியை மறைக்கப் போட்ட மேட் அது. தியேட்டர் பிரிண்டில் இருளோடு இருளாகக் கரைந்திருந்தது, டிவியில் சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றது.

‘2001’ 2.20:1 (அகலம்:உயரம்) விகிதத்தில் வந்த படம்; டிவித் திரையைவிட அகலம். ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, விண்வெளிக் காட்சியின் கறுப்பை அந்தப் பட்டையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. ஆகாயம் மட்டும் சாம்பலாகத் தெரிந்தால் பிரைட்னஸைக் குறைக்க வேண்டும்; மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போனால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். படத்தின் தொடக்கத்தில் சுமார் 3 நிமிடம் இசை மட்டும் ஒலிக்க, திரை கறுப்பாகவே நிற்கும். அது கோளாறு இல்லை. ஆனால் இந்தச் சோதனைக்கு அது உதவாது, ஏனென்றால் முழுக் கறுப்பு வந்தால் பல டிவிகள் பின்விளக்கையே அணைத்துவிடும்.

இனி படம் எடுத்த விதம். அந்தக் காலத்து வழக்கமான முறையில், நீலத் திரைக்கு முன் எடுத்த மாதிரியிலிருந்து (சிறிதாகச் செய்த பொம்மைக் கலம்) மேட்களைப் பிரித்து, ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்குப் படமெடுக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் வைத்துப் பின்னணியோடு சேர்ப்பார்கள். நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து மறுபடி நெகட்டிவ் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் கிரெயின் (ஃபிலிமில் தெரியும் மணல் போன்ற பொடிப் புள்ளிகள்) கூடும், கான்ட்ராஸ்ட் ஏறும். மேட் ஒரு முடி அளவு விலகினாலே உருவத்தைச் சுற்றிக் கறுப்போ நீலமோ ஒரு கோடு. அக்காலப் படங்கள் பலவற்றில் ஒரு ஷாட் திடீரென்று அழுக்காகத் தெரிந்தால், அடுத்து கிராஃபிக்ஸ் வருகிறது என்று அர்த்தம்.

படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இந்தப் பாதையை முடிந்தவரை தவிர்த்தார். 65 மி.மீ. நெகட்டிவில் முதல் பகுதியை எடுத்துவிட்டு, கழுவாமல் பத்திரப்படுத்தி, பிறகு அதே நெகட்டிவிலேயே அடுத்த பகுதியை ஏற்றினார்கள். பெரிய விண்கலத்தின் ஜன்னலுக்குள் ஆட்கள் நடமாடுவதைக் கவனியுங்கள். முதலில் ஜன்னல்களை இருட்டாக்கி மாதிரியை மட்டும் எடுப்பார்கள். கேமராவைத் தொடங்கிய புள்ளிக்கே கொண்டுவந்து, மாதிரியைக் கறுப்பாக்கி, ஜன்னலில் வெள்ளை அட்டை வைத்து, தனியே எடுத்த நடிகர்களின் காட்சியை அதில் வீழ்த்தி, அதே ஓட்டத்தில் இரண்டாம் முறை எடுப்பார்கள். கேமரா இரண்டு முறையும் இம்மி பிசகாமல் ஒரே வழியில் போக வேண்டும். லென்ஸ் துளையை மிகவும் சிறிதாக்கி, ஒரு ஃப்ரேமுக்குச் சில வினாடிகள் வெளிச்சம் கொடுத்ததால் முனை முதல் வால் வரை கூர்மை. அதனால்தான் 54 அடி நீள விண்கல மாதிரி, பொம்மையாகத் தெரிவதில்லை. பொம்மையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பாதி மங்கிய ஃபோகஸ்தான்.

படத்துக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு: விண்வெளியில் தண்ணீர் இல்லை. அசலில் 16-இல் 1 பங்கு அளவுள்ள கப்பலை நீரில் மிதக்கவிட்டால், அசைவு பெரிய கப்பலைப் போல மெதுவாகத் தெரிய, வழக்கமான 24 ஃப்ரேமை 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் பெருக்கி வினாடிக்கு 96 ஃப்ரேமில் எடுத்தாலும் அலை ஏமாற்றும், துளி ஏமாற்றாது. துளியின் அளவை எந்த வேகமும் மாற்றாது.

தொடக்கத்தில் வரும் ஆதிமனிதர் பகுதி பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. 45 டிகிரியில் சாய்த்த பாதி ஊடுருவும் கண்ணாடி வழியாக, 8×10 அங்குல நிழற்படத்தைக் கேமராவின் அதே அச்சில் பின்திரையில் வீழ்த்தினார்கள். வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஸ்காட்ச்லைட் திரை அது. நடிகரின் நிழல் அவருக்கு நேர் பின்னால் விழுவதால் கேமராவுக்குத் தெரியாது. சிறுத்தையின் கண்கள் பளீரென்று ஒளிர்கின்றனவே, அது பின்னால் சேர்த்த வித்தை இல்லை. ஸ்காட்ச்லைட் போலவே சிறுத்தையின் கண்ணும் புரொஜக்டர் ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டது. திரையின் ஒட்டு தெரியாமலிருக்க ஸ்காட்ச்லைட்டைத் தாறுமாறான துண்டுகளாகக் கிழித்து ஒட்டினார்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆனில் இருந்தால் அந்தத் திட்டுகள் வானத்தில் தெரியத் தொடங்கும். பின்னணி நிழற்படம் என்பதால் மேகம் அசையாது. அதைக் கவனித்தவருக்குப் பிறகு அதுவே கண்ணில் படும்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நெகட்டிவில் ஒட்டிய தூசு பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். நட்சத்திரமும் வெள்ளைப் புள்ளிதான். தூசு ஒரே ஃப்ரேமில் வந்து போகும் என்ற அடையாளத்தை வைத்துத்தான் மென்பொருள் அதை நீக்குகிறது. நட்சத்திரம் நகர்ந்தால் குழப்பம். யாரும் ஃப்ரேம் ஃப்ரேமாகச் சரிபார்க்காவிட்டால் நட்சத்திரங்களும் சேர்ந்து துடைக்கப்படும். கிரெயினை அதிகமாக வழித்தால் முகங்கள் மெழுகாகும். அசல் 65 மி.மீ. நெகட்டிவிலிருந்து உருவாக்கிய 2018-ஆம் ஆண்டின் 4கே டிஸ்க்கை நம்பலாம். ஸ்ட்ரீமிங்கில் 4கே பொதுவாக வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் (இதுதான் பிட்ரேட்) ஓடும், டிஸ்க்கில் 100-ஐத் தாண்டவும் இடமுண்டு. இறுதியில் வரும், குறுகிய பிளவு வழியாக ஒளியைப் பதிவு செய்து எடுத்த ஸ்லிட் ஸ்கேன் ஒளிப் பாய்ச்சலில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்: குறைந்த பிட்ரேட்டில் நிறங்கள் படிக்கட்டு படிக்கட்டாக உடையும்.

வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் 2கே அளவில் முடிக்கப்பட்ட கணினி கிராஃபிக்ஸ் படங்களை 4கேவுக்கு இழுத்தால்தான் மங்குகிறது. இந்த 1968 ஃபிலிமில் எடுக்க இன்னும் விவரம் மிச்சமிருக்கிறது.

படத்தின் சொந்தக் குறைகளும் உண்டு. சில காட்சிகளில் கடந்துபோகும் கலம் வெறும் நிழற்படம். எவ்வளவு நகர்ந்தாலும் அதன் பக்கவாட்டு திரும்பாது. மனிதர்கள் முதன்முதலாக நிலவைச் சுற்றிவந்த அப்பல்லோ 8 பயணத்துக்கு முன் எடுத்ததால் பூமி வெளிறியும், நிலவின் மலைகள் கூர் கூராகவும் இருக்கின்றன. நிலவுத் தளத்தின் கூட்ட அறையில் எல்லோரும் பூமியில் நடப்பதுபோலவே நடக்கிறார்கள். எடையற்ற பயணத்தில் குழாயால் உறிஞ்சும் உணவோ, உறிஞ்சுவதை நிறுத்தியதும் கீழே இறங்குகிறது. அது நின்ற இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.