மெயின்டனன்ஸ் இல்லாத நாய் வேண்டுமாம்!

“டாக்டர், மெயின்டனன்ஸ் கம்மியான நாயா ஒண்ணு சொல்லுங்க.” இப்படிக் கேட்பவர் மடியில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பக் குட்டி உட்கார்ந்திருக்கும். பணம் கொடுத்து வாங்கிய பிறகு வருகிற கேள்வி இது.

சின்ன உடம்பு, குட்டை முடி, அதனால் வேலை குறைவு என்கிறார்கள். இதைவிடத் தவறான கணக்கு இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக மூக்கு சப்பையாகவே பிறக்கும்படி வளர்த்தெடுத்த பக், ஷிட்சு போன்ற இனங்களுக்கு அந்த வழியே குறுகல். தருமபுரி மே மாத மதியத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அது எப்படி மூச்சு விடும்? இது போதாதென்று முகமடிப்பைத் தினமும் துடைத்து உலர்த்தாவிட்டால் புண். துருத்திய கண்ணில் சின்னக் கீறலும் சீக்கிரம் பெரிதாகும். குட்டை முடி கொட்டாது என்பதும் பொய். பக்கும் லேப்ரடாரும் வருடம் முழுக்கக் கொட்டும்; அந்தக் குட்டை முடி சோபாவில் குத்தி நிற்கும், துடைப்பத்துக்கு வராது. ஷிட்சு குறைவாகக் கொட்டும், உண்மைதான். ஆனால் தினமும் சீவ வேண்டும், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும்.

“ஓசூர் குளிர்தானே, ஹஸ்கி வளர்க்கலாமே?” அந்தக் குளிர் நமக்கு, பனிப்பிரதேசத்து நாயான ஹஸ்கிக்கு இல்லை. கோடையில் மொட்டையடித்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும்.

வெயிலில் நாய் தள்ளாடினால், நாக்கு கருஞ்சிவப்பானால், நிழலுக்குத் தூக்கி, சாதாரண தண்ணீர் ஊற்றி, விசிறி போடுங்கள். உடல் வெப்பம் 103 டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்ற தமிழ்நாட்டு இனங்கள் எல்லாம் நம் வெயிலுக்கு ஏற்றவை, முடி வேலையும் கிடையாது. ஆனால் ஓடி வேட்டையாடப் பிறந்தவை. தோட்டமும் வேலியும் உள்ள வீட்டுக்குச் சரி. பிளாட்டுக்கு வேண்டாம், கோழி மேய்கிற முற்றத்துக்கும் வேண்டாம். வெள்ளை ராஜபாளையக் குட்டி எடுப்பதென்றால் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். பிறவிச் செவிடு உண்டு.

குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள சாதாரண வீட்டுக்கு நான் சொல்வது நம் தெருவில் திரிகிற சாதாரண நாட்டு நாய்தான். வாரம் ஒருமுறை சீவல், மாதம் ஒரு குளியல் போதும். குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். முந்திப் பிரித்தால் கடிக்கும் அளவு தெரியாமல் வளரும். உடனே அடுத்த வசனம் வரும்: “நாட்டு நாய்க்கு எதுக்கு ஊசி?” குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தரும் பார்வோ வைரஸ் சாதி பார்ப்பதில்லை! ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில், அப்புறம் ஆண்டுதோறும். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. உண்ணிக் காய்ச்சலுக்கும் இனம் கிடையாது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பாருங்கள்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்கிறேன்: மாம்பழ சீசனில் கொட்டையை முற்றத்தில் வீசாதீர்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். வாந்தி, சாப்பாடு மறுப்பு, மலம் வராமை என்று கண்டால் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்காமல் அன்றைக்கே தூக்கி வாருங்கள்.