செக்லிஸ்ட்டைப் படிக்காமல் ஓகே போடாதீர்கள்

ஓசூர் சிப்காட்டில் ஆட்டோ உதிரிபாகம் செய்பவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துபவர்கள், கிரானைட் பாலிஷ் பட்டறைக்காரர்கள் எனப் பலருக்கும் இறக்குமதி வேலை பார்த்துத் தருகிறேன். எல்லோரிடமும் ஒரே ஒரு பழக்கம் பொது. சரக்கை இறக்கச் சுங்கத் துறையிடம் கொடுக்கும் அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்யும் முன் அதன் செக்லிஸ்ட்டை அனுப்புவோம். பொருள் விவரம், ஹெச்எஸ் கோடு (பொருளை வகைப்படுத்தும் எண்), மதிப்பு, வரி எல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கையோடு "ஓகே" வந்துவிடும். ஃபைலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கேட்டால், "நீங்க பாத்தா சரிங்க, எங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள்.

நம்பிக்கை வைப்பது சந்தோஷம்தான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சுங்கச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, 2011 முதல் வரியைத் தானே கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் இறக்குமதியாளர். என்னைப் போன்ற ஏஜெண்ட் அவர் பெயரில் வேலை செய்கிறார், அவ்வளவுதான். 147-வது பிரிவு இன்னும் கடுமை. நீங்கள் சொல்லாததை ஏஜெண்ட் செய்திருந்தாலும், மறுத்து நிரூபிக்கும்வரை உங்களுக்குத் தெரிந்தே நடந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். குறைவாகக் கட்டிய வரியைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கலாம். மறைத்தீர்கள், வேண்டுமென்றே தவறாகச் சொன்னீர்கள் என்று முடிவானால் ஐந்து ஆண்டுகள். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், கூடவே அபராதம்.

சரி, செக்லிஸ்ட்டில் எதைப் பார்ப்பது? முதலில் பொருள் விவரமும் கோடும். மாங்கூழ் ஆலைக்கு வரும் இயந்திரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சாறு பிழிவது 8435, பழத்தைப் பதப்படுத்துவது 8438, நிரப்பி சீல் வைப்பது 8422. மூன்றும் ஒரே கன்டெய்னரில், ஒரே இன்வாய்ஸில் "ஃப்ரூட் பல்ப் லைன்" என்ற ஒற்றை வரியோடு வந்தால் ஏஜெண்ட் என்ன செய்வார்? கேட்லாக் கேட்பார். கேட்காதவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். சீனாவிலிருந்து சப்ளையர் போட்டு அனுப்பிய கோடை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. முதல் ஆறு இலக்கம்தான் உலகம் முழுக்க ஒன்று, அதற்குப் பின் வருவது அந்தந்த நாட்டு ஏற்பாடு. அந்த இயந்திரம் உங்கள் ஆலையில் என்ன வேலை செய்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சென்னையில் உட்கார்ந்து டைப் அடிக்கும் பையனுக்குத் தெரியாது.

அடுத்தது மதிப்பு. ஓசூரில் இது அடிக்கடி வரும் சிக்கல். பாகங்களின் விலைக்கு ஒரு இன்வாய்ஸ் இருக்கும். அதைச் செய்வதற்கான டைக்கு (அச்சுக்கு) மூன்று மாதம் முன்பே தனியாகப் பணம் போயிருக்கும். அந்தத் தொகையும் பாகங்களின் மதிப்பில் சேர வேண்டும். இதை நீங்கள் சொல்லாவிட்டால் ஏஜெண்டுக்குத் தெரிய வழியே இல்லை. உங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். எஃப்ஓபி விலையா (கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலை), சிஐஎஃப் விலையா (சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது) என்பதையும் பாருங்கள். சரக்குக் கட்டணத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் எஃப்ஓபி விலையில் 20 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். ஒரு ஃப்ரெய்ட் பில்லை அனுப்பச் சோம்பல்பட்டதற்கு இது பெரிய விலை.

வரிக் கணக்கு ஒன்றும் மர்மம் இல்லை. சிஐஎஃப் மதிப்பு 100 லட்சம், அடிப்படைச் சுங்கவரி ஏழரை சதவீதம் என்றால் 7.5 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ், 75 ஆயிரம். மொத்தம் 108.25 லட்சத்தின் மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 19.485 லட்சம். ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும், மற்றது கிடைக்காது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.

ஏஜெண்ட் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. 146-வது பிரிவுப்படி உரிமம் பெற்றவர்தான் கஸ்டம்ஸ் புரோக்கர். உங்களிடம் அதிகாரக் கடிதம் வாங்குவது, ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதிக்கான அடையாள எண்), ஜிஎஸ்டி எண்களைச் சரிபார்ப்பது, சொன்ன முகவரியில் நீங்கள் உண்மையிலேயே இயங்குகிறீர்களா என்று பார்ப்பது, சட்டத்துக்குப் புறம்பாகச் செய்யச் சொன்னால் கூடாது என்று எடுத்துச் சொல்வது எல்லாம் 2018-ஆம் ஆண்டு விதிகளில் அவருடைய கடமை. நம் ஊரில் பெரும்பாலும் லாரி புக்கிங் ஆபீஸ்காரரோ, ஃப்ரெய்ட் ஃபார்வர்டரோ "கிளியரன்ஸும் நாங்களே பாத்துக்கறோம்" என்பார். தவறில்லை. ஆனால் பில் எந்த புரோக்கரின் உரிமத்தில் தாக்கலாகிறது என்று கேட்டு வாங்குங்கள். இடையில் இரண்டு கை மாறியிருந்தால், சிக்கல் வரும் நாளில் யார் போனையும் எடுக்க மாட்டார்கள். வரியை உங்கள் கணக்கிலிருந்தே சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் நேரடியாகக் கட்டிவிடுங்கள், யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

நேர விஷயம்: கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் பில் தாக்கலாவதுதான் பொதுவான கணக்கு. தாமதத்துக்கு முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் ஷிப்பிங் லைன் கேட்கும் டிடென்ஷன் கட்டணம் இதில் சேராது. மாங்காய் சீசனுக்காக வரும் இயந்திரம் துறைமுகத்தில் கிடந்தால் இந்தத் தொகையெல்லாம் சில்லறை என்று தோன்றும், வேறு விஷயம். ஆவணங்களை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஐஇசி இரவல். "உங்க ஐஇசியில ஒரு கன்டெய்னர் இறக்கிக்கிறோம், கமிஷன் தர்றோம்" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். ஐஇசிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க 500 ரூபாய்தான் கட்டணம். அதையும் எடுக்காமல் உங்களுடையதைக் கேட்கிறார் என்றால், தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். உள்ளே என்ன இருந்தாலும் நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஐஸ்கேட்டில் உங்கள் ஐஇசியில் என்னென்ன பில்கள் தாக்கலாகியிருக்கின்றன என்று இன்றே பாருங்கள். தெரியாத பில் இருந்தால் வக்கீலோடு சேர்ந்து சுங்கத் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.