ஃபிலிம்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு சொல்

சனிக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளரிடம் "முன்வரிசை ஏன் அப்படிச் சரிந்தது?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஃபிலிம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பார். தட்டிக்கழிப்பது போலத் தோன்றும், பாதி அதுதான். மீதிப் பாதி உண்மை. களத்தோரம் நிற்பவருக்கு 22 பேரின் அசைவும் ஒருசேரத் தெரியாது. (இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், 'டவுன்' எனப்படும் நான்கு முயற்சிக்குள் 10 யார்டு கடக்க வேண்டிய ஆட்டம். அணிக்கு 11 பேர்.)

இந்தத் துறையில் ஃபிலிம் என்றால் முடிந்த ஆட்டத்தின் பதிவு. அதை உட்கார்ந்து அலசுவதையும் அதே சொல்லால் குறிப்பார்கள். சுருள் போய் நாடா வந்தது, நாடாவும் போய் இப்போது கணினிக் கோப்புதான். பெயர் மட்டும் போகவில்லை. "டேப்" என்பாரும் உண்டு, பொருள் ஒன்றே.

வேர் தோலில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபில்மென்' என்றால் மெல்லிய சவ்வு. விலங்குத் தோலைக் குறிக்கும் 'ஃபெல்' அதன் உறவு. லத்தீனின் 'பெல்லிஸ்' தூரத்து உறவு. 19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படத் தகட்டின் மேல் பூசிய மெல்லிய பூச்சுக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு பூச்சு ஏறிய சுருளுக்கும், சுருளில் ஓடிய திரைப்படத்துக்கும் பரவியது.

கால்பந்தில் இதை ஒரு கலையாக்கியவர்களில் முதலில் சொல்லப்படுபவர் சிட் கில்மன். 1911இல் மினியாபொலிஸில் பிறந்தவர். குடும்பம் திரையரங்குத் தொழிலில் இருந்தது. செய்திப்படச் சுருள்களில் வரும் கால்பந்துத் துண்டுகளைத் தனியே எடுத்து ஓட்டிப் பார்த்தே பழகினார். மயாமி (ஒஹாயோ), சின்சினாட்டி கல்லூரி அணிகளின் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 1955இல் தொழில்முறை அணிக்குப் போனார். சுருளை வெட்டி ஒரே வகை முயற்சிகளை ஒன்றாக ஒட்டும் வேலைக்கு 'கட்-அப்' என்று பெயர். கத்தரிக்கோல் ஒழிந்த பிறகும் "மூன்றாம் டவுன் கட்-அப் கொடு" என்றுதான் கேட்கிறார்கள்.

ஃபிலிமிலும் இரண்டு வகை. தொலைக்காட்சிப் பதிவில் கேமரா பந்தின் பின்னால் ஓடும். பின்களக் காவலர்களான சேஃப்டிகள் பல நேரம் படச் சட்டத்துக்கு (ஃபிரேம்) வெளியே நிற்பார்கள். முந்தைய முயற்சியின் மறுஒளிபரப்பு முடிவதற்குள் அடுத்த ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து முயற்சியைத் தொடங்குவது) போய்விடுவதும் உண்டு. மற்றது 'ஆல்-22': பக்கவாட்டில் உயரத்திலிருந்து ஒன்று, களத்தின் கோடியிலுள்ள எண்ட் ஸோனுக்குப் பின்னாலிருந்து ஒன்று என இரு கோணம்; 22 பேரும் சட்டத்துக்குள் இருப்பார்கள். தொழில்முறை லீக் 2012இல் இதை ரசிகர்களுக்கும் கட்டணத்துக்குத் திறந்தது. கல்லூரிப் பதிவுகள் பொதுவாக அணிகளுக்குள்தான் கைமாறுகின்றன. எதிரணியின் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பி முன்கூட்டி வேவு பார்ப்பதற்கு 1994 முதல் தடை இருப்பதால், இந்தப் பரிமாற்றத்துக்கு மதிப்பு அதிகம்.

பார்க்கும் முறைக்கு வருவோம். முதல் சுற்றில் கருத்தே வேண்டாம், குறிப்பு மட்டும்: எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை, பந்து எந்த ஹாஷில் (களத்தின் நீளவாக்கில் ஓடும் இரு குறிக்கோடுகளில் எதில்), ஆள் சேர்க்கை, கிடைத்த யார்டு. ஆள் சேர்க்கைக்கு இரண்டு இலக்கம். '11' என்றால் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஒருவர், டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ஒருவர். '12' என்றால் ரன்னிங் பேக் ஒருவர், டைட் எண்ட் இருவர். ஹாஷைக் குறிக்காமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. கல்லூரிக் களத்தின் ஹாஷ் கோடு பக்கக் கோட்டிலிருந்து 60 அடி, அதாவது 20 யார்டு. பந்து அங்கே இருந்தால் மறுபக்கம் 33 யார்டுக்கு மேல் திறந்து கிடக்கும். ஒரே ஓட்டம் குறுகிய பக்கம் 2 யார்டும் அகன்ற பக்கம் 9 யார்டும் தந்ததற்குக் காரணம் வீரராக இல்லாமல் இடமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு ஸ்னாப்பையும் மூன்று முறை ஓட்ட வேண்டும்: முன்வரிசை ஐவருக்கு ஒரு முறை, பந்து பிடிப்பவர்களுக்கும் அவர்களைக் காப்போருக்கும் ஒரு முறை, கடைசியில்தான் பந்துக்கு. ஸ்னாப்புக்கு 2 நிமிடம் வைத்தாலும் 70 ஸ்னாப்புக்கு 140 நிமிடம் ஆகும். அதுவும் பாதி அணிக்குத்தான்.

வெற்றி விகிதத்துக்குப் பரவலான அளவுகோல் ஒன்று உண்டு. முதல் டவுனில் தேவையில் 50 சதவீதம், இரண்டாவதில் 70, மூன்றிலும் நான்கிலும் 100 கிடைத்தால் அந்த முயற்சி வெற்றி. இரண்டாம் டவுன், தேவை 8 யார்டு என்றால் 5 போதாது, 6 வேண்டும்.

புள்ளிவிவரத் தாளை ஏன் நம்பக் கூடாது? கல்லூரிக் கணக்கில், குவார்ட்டர்பேக் எறியுமுன் பிடிபட்டு இழக்கும் யார்டுகள் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். 30 ஓட்டத்தில் 150 யார்டு எடுத்த அணி 5 முறை பிடிபட்டு 40 யார்டு இழந்தால், தாளில் 35 ஓட்டம், 110 யார்டு என்று வரும். சராசரி 5.0 எங்கே, 3.1 எங்கே? எறிதல் காப்பில் விழுந்த ஓட்டைக்கு ஓட்டம் பழி சுமக்கிறது.

சராசரியும் ஏமாற்றும். 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் நடந்த தேசிய இறுதியில் மிச்சிகன் வாஷிங்டனை 34–13 என வென்றது. மிச்சிகனின் டோனவன் எட்வர்ட்ஸ் 6 ஓட்டத்தில் 104 யார்டு, சராசரி 17க்கு மேல். அதில் 41, 46 யார்டு என்ற முதல் கால்பகுதி ஓட்டங்கள் இரண்டை எடுத்துவிட்டால், மீதி நான்கில் 17 யார்டுதான். 21 புள்ளி வித்தியாசமும் அப்படியே: நான்காம் கால்பகுதியில் மிச்சிகன் இரண்டு டச்டவுன் போடும் வரை ஆட்டம் 20–13 என்றே நின்றது.

ஃபிலிமுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. யாருக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டது என்பது அதில் பதிவாகாது. சவ்வு மேலேதானே இருக்கும்? இடப்பக்க விளிம்பிலிருந்து ஒருவன் தடையின்றி வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறான். எல்லோரும் முன்வரிசையின் இடக்கோடியில் நிற்கும் இடது டேக்கிளைத் திட்டுகிறார்கள். ஐவரின் முதல் அடியைப் பாருங்கள். ஐவரும் வலப்பக்கம் எட்டு வைத்திருந்தால் அது சரிவுக் காப்பு. அந்த விளிம்பு பெரும்பாலும் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. அதேபோல், பந்து பிடிப்பவன், ஓரத்தில் அவனைக் காக்கும் கார்னர்பேக்கைக் கடந்து ஓடினால் கார்னரின் கண் எங்கே என்று பார்க்க வேண்டும். குவார்ட்டர்பேக் மேல் இருந்தால், அவர் தன் பகுதியைக் காத்துவிட்டு ஆளைப் பின்னாலிருக்கும் சேஃப்டியிடம் ஒப்படைத்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் வெளியாள் கழித்தல் குறி போடாமல் கேள்விக்குறி போடுவதே நேர்மை. பயிற்சியாளர்கள் ஆளுக்கு ஆள், ஸ்னாப்புக்கு ஸ்னாப் கூட்டல், கழித்தல் போட முடிவது, வேலையைப் பிரித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதால்.

இனி தமிழ். சவ்வு என்ற மூலப் பொருளுக்கு நம்மிடம் 'படலம்' தயாராக இருக்கிறது. கண்ணில் படர்வதும் படலம், காப்பியத்தின் உட்பிரிவும் படலம். வடமொழிச் சொல் என்பாரும் 'படர்' என்ற வினையோடு சேர்ப்பாரும் உண்டு. 'படம்' துணியிலிருந்து ஓவியத்துக்கும் திரைக்கும் வந்த சொல். ஆனால் "படம் பார்த்தார்கள்" என்று எழுதினால் அணியே தியேட்டருக்குப் போய்விடும். "ஃபிலிம் காட்டினான்" என்றால் கேட்கவே வேண்டாம், பந்தா பண்ணினான் என்று பொருள். 'மறுபார்வை' நடுவரின் மறுஆய்வோடு குழம்பும். 'காணொளி ஆய்வு' தவறில்லை, ஆனால் எந்தக் காணொளிக்கும் பொருந்தும்.

பதிவுக்கு 'ஆட்டப்படம்', அலசலுக்கு 'ஆட்டப்பட ஆய்வு', ஆல்-22க்கு 'முழுக்களப் படம்', கட்-அப்புக்கு 'தொகுப்புத் துண்டு' என்று வைக்கலாம். ஸ்னாப், டவுன், ஹாஷ் ஆகியவற்றை அப்படியே விடுவது நல்லது. பெயர்த்தால் ஆட்டம் தெரிந்தவருக்கே புரியாது.

வாக்கியத்தில்: "ஞாயிற்றுக்கிழமை ஆட்டப்பட ஆய்வில் இடது டேக்கிள் மேல் தவறில்லை என்று தெரிந்தது." "தொலைக்காட்சிப் பதிவு மட்டும் கிடைத்ததால் சேஃப்டிகளுக்கு மதிப்பெண் இடவில்லை."