லொல், லால், லோல்: மூன்றெழுத்தின் உச்சரிப்பும் தமிழும்

அலைபேசியில் சிரிப்பைக் காட்ட எல்.ஓ.எல். என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டுப் போவது எளிது. படிக்கிறவர் தம் வாய்க்கு வந்தபடி படித்துக்கொள்வார். தமிழ் எழுத்து அந்தச் சலுகையைத் தராது. லொல், லால், லோல் என்று ஏதாவது ஒன்றை எழுதியே ஆகவேண்டும். எழுதிய உடனே அது எந்த ஊர் ஆங்கிலம் என்பது தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்ற ஊரில் இது வெறும் எழுத்துப் பிரச்சினை அல்ல. அங்கே ஒரே டாக்ஸி நிறுத்தத்தில் நாலு வகை ஆங்கிலம் காதில் விழும்.

முதலில் பிறப்பு. விரித்தால் 'லாஃபிங் அவுட் லவுட்', அதாவது வாய்விட்டுச் சிரிப்பது. இந்தப் பொருளில் அச்சுக்கு வந்த பழைய சான்றாகக் காட்டப்படுவது, 1989 மே 8 அன்று வெளியான ஃபிடோநியூஸ் என்ற மின்மடலில் இருந்த சுருக்கெழுத்துப் பட்டியல். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011 மார்ச்சில் இதைச் சேர்த்துக்கொண்டது. அதே அகராதி 1960 வாக்கிலேயே இந்த மூன்றெழுத்து 'வயதான சின்னக் கிழவி' என்பதற்குச் சுருக்கமாக இருந்ததையும் காட்டுகிறது. 'நிறைய அன்புடன்' என்று பொருள்கொண்டவர்களும் உண்டு. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் அப்படித்தான் நினைத்துக் குறுஞ்செய்திகளின் கடைசியில் போட்டுவந்தார் என்பது 2012 மே மாதம், பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணையில் வெளிவந்தது.

இனி ஒலி. சிக்கல் நடுவில் உள்ள உயிரில். லண்டன் படிப்பாளிகளின் ஆங்கிலத்தில் அது ஆகாரமும் அல்ல, ஒகாரமும் அல்ல. வருவிக்க வழி இருக்கிறது: தாடையை ஆகாரத்துக்குத் திறக்கவும், தாடையை அசைக்காமல் உதட்டை மட்டும் ஒகாரத்துக்குக் குவிக்கவும், ஒரு மாத்திரையில் நிறுத்தவும். பலர் தவறுவது மூன்றாவதில். உதடு சரியாக இருக்கும், ஆனால் இரண்டு மாத்திரைக்கு இழுத்துவிடுவார்கள், அது 'லோல்' ஆகிவிடும். 'கோல்' என்பதற்கு எதுகையாக அப்படிச் சொல்கிற ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இருக்கிறார்கள், ஆகவே அதைப் பிழை என்று தள்ள முடியாது. ஆனால் அது வேறு உச்சரிப்பு.

பெரும்பாலான அமெரிக்கர்கள் உதட்டைக் குவிப்பதே இல்லை. நீளமும் கூடுதல். அதனால் அவர்கள் வாயில் அது கிட்டத்தட்ட 'லால்'. தமிழ்நாட்டில் டாக்டர், காலேஜ், ஆபீஸ் என்று ஆகாரம் போட்டு எழுதும் பழக்கத்துக்கு இது பொருந்திவிடுகிறது. இலங்கைத் தமிழர் டொக்டர் என்று எழுதுகிறவர்கள். அவர்கள் கணக்கில் 'லொல்' தான் வரும். இரண்டுமே சரி, ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் உயிர் இன்னும் மேலே ஏறித் தமிழ் ஒகாரத்துக்கு அருகில் வரும். ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய அப்படியே.

தென்னாப்பிரிக்க ஆங்கிலம் பிரிட்டிஷ் வழியில் வந்தது, ஆகவே டர்பன் இந்தியர் பேச்சுக்கு 'லொல்' பொருந்தும். ஜூலு தாய்மொழிக்காரர் ஆங்கிலத்தில் குறில் நெடில் வேறுபாடு மங்கிவிடும், உயிர் ஐந்துதான், அங்கும் திருத்தமான 'லொல்' கிடைக்கும். அந்த நாட்டு வெள்ளையர் ஆங்கிலத்தில் உதடு குவிவது குறைவு, நாக்கு வாயின் நடுப்பக்கம் ஒதுங்கும். அதைத் தமிழில் எழுத எழுத்து இல்லை. அதே ஆங்கிலத்தில் வேறு இரண்டு சொற்களைக் கேட்டால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். 'பொய் இல்லை' என்ற பொருளில் இளைஞர் சொல்லும் 'நோ கேப்' அங்கே 'நோ கெப்' ஆகிவிடும். ஈர்ப்புத் திறனைக் குறிக்கும் 'ரிஸ்' என்பதில் இகரம் தேய்ந்து, 'ரஸ்' என்பதுபோல் காதில் விழும். சொல்லின் முதலிலோ, ககரத்துக்கு முன்னோ பின்னோ வந்தால் இகரம் இகரமாகவே நிற்கும்.

கடைசி லகரம் தனிக் கதை. லண்டனிலும் அமெரிக்காவிலும் அது கனத்த ஒலி: நுனிநாக்கு மேல் ஈறைத் தொடும்போதே பின்நாக்கு மேலே எழும். அந்தக் கனத்தைக் காட்டுவதாக நினைத்து 'லொள்' என்று ளகரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறு. ளகரத்துக்கு நாக்கு நுனி வளைந்து அண்ணத்தைத் தொடவேண்டும். கனத்த லகரத்தில் நுனி வளைவதே இல்லை. நம் மெலிந்த லகரத்தை அப்படியே சொன்னால் அயர்லாந்துக்காரர் போல இருக்கும், கெட்டுப்போகாது. லண்டன் கிழக்குப் பகுதியில் கடைசி லகரமே உகரமாகக் கரைந்துவிடும். கெட்டுப்போவது 'லொல்லு' என்று நாமே ஓர் உகரத்தை ஒட்டும்போதுதான்.

முதல் எழுத்தும் இலக்கணத்துக்கு உறுத்தும். லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. உலோகம், இலட்சம் என்று முன்னே ஓர் உயிரைச் சேர்ப்பது மரபு. 'இலொல்' என்று எழுதச் சொல்லும் அளவுக்கு யாரும் போகமாட்டார்கள் என்று நம்பலாம்.

ளகரம் போட்டால் வேறு ஆபத்தும் உண்டு. 'லொள்' என்பது நாய் குரைக்கும் ஒலி. அதிலிருந்து வந்த 'லொள்ளு' குறும்பான தொல்லையைக் குறிக்கும். இங்கேதான் தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வேடிக்கை. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'லொல்' என்றால் தொல்லை கொடுத்தல். பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் 'மூனி லொல் நீ' என்பார்கள்: லொள்ளு பண்ணாதே. அதற்கு நெருங்கிய உறவான டச்சு மொழியில் 'லொல்' என்றால் கும்மாளம். ஆஃப்ரிகான்ஸுக்கும் தமிழுக்கும் இதில் உறவு எதுவும் இல்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது. யாராவது இதை வைத்து வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்யக் கிளம்புவதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

எழுத்து ஒன்று, வாய் வேறு என்பது டர்பன்காரர்களுக்குப் புதிதும் அல்ல. அவர்கள் ஆடும் 'தனீ' சீட்டாட்டத்தின் பெயர் நம் தண்ணியிலிருந்து வந்தது என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அகரத்துக்கு 'யு' எழுத்தைப் போடுகிறார்கள். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துத் 'துனீ' என்று படித்து மாட்டிக்கொள்வார்.

தமிழில் என்ன சொல்வது? 'உரக்கச் சிரித்தல்' என்பது அகராதிக்குச் சரி, பேச்சுக்கு உதவாது. சிரிப்பே பொருளானால் நம்மிடம் ஆயத்தச் சொல் இருக்கிறது: கொல்லென்று சிரித்தார்கள். சின்னச் சிரிப்புக்குக் களுக்கென்று. உருண்டு புரளும் அளவுக்கு என்றால் விழுந்து விழுந்து.

ஆனால் இன்று இதைத் தட்டுகிற பலர் சிரிப்பதே இல்லை. டர்பனில் இந்தியர் மிகுந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தங்கை அண்ணனுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்: 'பன்னி வாங்கப் போனேண்ணா, கடை மூடியாச்சு லொல்.' (பன்னி என்பது அங்கே ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய உணவு.) இதில் சிரிப்பு எங்கே? ஏமாற்றத்தை இலேசாக்க ஒட்டிய வால் அது. எடுத்துவிட்டாலும் செய்தி மாறாது, குரல் மட்டும் கறாராகிவிடும். நம் இலக்கணம் இப்படிப்பட்டதை அசைநிலை என்று வகைப்படுத்தியிருக்கிறது. பழந்தமிழில் 'கொல்' என்றே ஓர் இடைச்சொல் உண்டு; நன்னூல் அதை ஐயத்துக்கும் அசைநிலைக்கும் உரியது என்கிறது. சிரிப்பொலிக்கும் கொல், அசைக்கும் கொல், லொல்லுக்கு எதுகையும் கூட! ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அலைபேசியில் தனியாகக் 'கொல்' என்று வந்தால் பெறுகிறவர் பயந்துவிடுவார்.

ஆகவே அந்தத் தங்கையின் செய்தியைத் தமிழாக்கினால் 'லொல்' இருந்த இடத்தில் 'ஹிஹி' போதும். 'கடை மூடியாச்சு, போ' என்றால் இன்னும் இயல்பு. கிண்டலுக்கு ஒட்டியதானால் 'ம்க்கும்'. தொல்காப்பியம் நகை பிறக்கும் இடம் நான்கு என்று எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றைச் சொல்கிறது. வந்த செய்தியில் இருப்பது எள்ளலா, தன் பேதைமையைத் தானே சொல்லிக்கொள்வதா என்று பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் பாதி வேலை முடிந்தது. ஒலியை அப்படியே எழுதவேண்டிய இடத்தில், டர்பன் பேச்சுக்கு 'லொல்', அமெரிக்கப் பேச்சுக்கு 'லால்'. எழுத்தெழுத்தாகச் சொல்கிறவர் வாய்க்கு 'எல்.ஓ.எல்.', அழுத்தம் கடைசி எழுத்தில்.